எல்லிஸ் பீட்டர்ஸ்: வரலாறு வெறும் திரைச்சீலையா, கதையின் அச்சாணியா?

பழுப்புப்பக்கம் எழுதியது:

பழைய துப்பறியும் கதைகளைப் பற்றி எங்கே பேசினாலும் எல்லிஸ் பீட்டர்ஸ் பெயர் வந்ததும் "மழைநாளில் படிக்க நல்லா இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மூலிகைத் தோட்டம், அன்பான துறவி, கடைசியில் ஒரு கல்யாணம். அவ்வளவுதான் அவர் என்று பலருக்கும் நினைப்பு. அது அநியாயம் என்பதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1979-இல் வந்த 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அரியணைக்காக ஸ்டீஃபன் மன்னரும் அவருடைய மாமன் மகள் மட்டில்டாவும் மோதிக்கொண்டிருந்த காலம். 1138 கோடையில் ஷ்ரூஸ்பரி கோட்டையை மட்டில்டாவின் பக்கத்து ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ஸ்டீஃபன் கோட்டையை உடைத்து உள்ளே போனார். தலைவன் ஃபிட்ஸ்ஆலன் தப்பிவிட்டான். அந்தக் கோபத்தில் அகப்பட்டவர்களை எல்லாம் கொல்லச் சொன்னார். ஆர்னல்ஃப் என்ற பிரபுவோடு ஏறத்தாழ 93 பேர் செத்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதி வைத்திருக்கிறார். இத்தனையும் நடந்தது. இதில் கற்பனை எதுவும் இல்லை.

நாவலாசிரியரின் வேலை இதற்கு அப்புறம் தொடங்குகிறது. செத்தவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்தி முறையாக அடக்கம் செய்ய ஷ்ரூஸ்பரி மடாலயத்திலிருந்து காட்ஃபெல் போகிறார். மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் துறவி, தொடர் முழுக்கத் துப்பறிபவர் இவர்தான். 94 பேர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 95. ஒருவனுடைய கழுத்துத் தடம் மட்டும் மற்றவர்களுடையதைப் போல இல்லை. மெல்லிய கயிறு, பின்னாலிருந்து இழுத்தது. அரசன் ஆணையில் இத்தனை பேர் செத்த இடத்தில், யாரோ ஒருவன் தான் செய்த தனிக்கொலையைக் கொண்டுவந்து ஒளித்துவிட்டான்.

இந்தக் குற்றத்தை அப்படியே தூக்கி 1930-களின் ஒரு பங்களாவுக்குள் வைக்க முடியுமா? முடியாது. உள்நாட்டுப் போர் இல்லாவிட்டால் இந்தக் கொலையை மறைக்க வழியே கிடையாது. 94 பேரைக் கொன்றவன் மன்னன் என்பதால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த ஒருவனுக்காவது கேட்க ஆள் வேண்டும் என்று ஒரு துறவி எழுந்து நிற்கிறார். பொழுதுபோக்குக் கதை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. படித்தவர்கள் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

புதுவாசகி எழுதியது:

அக்கா, நான் இப்பதான் தொடரோட முதல் புத்தகம் 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்' முடிச்சேன். அட்டையில் ஆண் பெயர் மாதிரி இருக்கு, உள்ளே எழுத்தாளர் குறிப்பில் ஒரு அம்மாவோட படம்! யார் இவங்க? சரித்திரப் பேராசிரியையா?

கருங்குயில் எழுதியது:

பேராசிரியை இல்லை புதுவாசகி. கல்லூரிக்கே போகாதவர். இயற்பெயர் எடித் பார்ஜிட்டர். 1913 செப்டம்பர் 28-இல் ஷ்ராப்ஷயரில் ஹார்ஸ்ஹே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா உள்ளூர் இரும்பாலையில் எழுத்தர். கோல்புரூக்டேல் பெண்கள் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பிறகு பக்கத்து ஊரான டாலியில் ஒரு மருந்துக்கடையில் ஏழு ஆண்டு உதவியாளர் வேலை. அந்த வேலையில் இருந்தபோதே 1936-இல் முதல் நாவல் வந்துவிட்டது. நீரோ காலத்து ரோமைப் பற்றியது அது.

போர் வந்ததும் 1940-இல் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். லிவர்பூலில் டெலிபிரிண்டர் வேலை. அட்லாண்டிக்கைக் கடந்து வரும் கப்பல் அணிகளைக் காப்பாற்றும் தலைமையகம் இருந்த இடம் அது. 1944-இல் அதற்காகவே ஒரு அரசுப் பதக்கமும் கிடைத்தது. போர் முடிந்த கையோடு அந்த அனுபவத்திலிருந்து மூன்று பாக நாவல் ஒன்றும் எழுதினார்.

எல்லிஸ் அவருடைய அண்ணன் பெயர். பீட்டர்ஸ் என்பது பெட்ரா என்ற செக் நாட்டுப் பெண்ணின் பெயரிலிருந்து எடுத்தது. வரலாற்று நாவல்களுக்குச் சொந்தப் பெயர், துப்பறியும் கதைகளுக்கு இந்தப் பெயர் என்று 1959-இலிருந்து பிரித்து வைத்துக்கொண்டார். அதற்கு முன் ஜோலியன் கார், ஜான் ரெட்ஃபெர்ன் என்றெல்லாம் வேறு பெயர்களிலும் எழுதியிருக்கிறார்.

பழுப்புப்பக்கம் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். காட்ஃபெல் முதன்முதலில் வந்தது 1977-இல். அப்போது அவருக்கு வயது 63. நாற்பது ஆண்டு எழுதிய கை அது. 1963-இலேயே 'டெத் அண்ட் தி ஜாய்ஃபுல் வுமன்' நாவலுக்கு அமெரிக்காவின் எட்கர் விருது வாங்கியவர். ஓய்வுக்காலத்துப் பொழுதுபோக்காகத் துறவிக் கதை எழுதிய பாட்டி என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மூலிகைக்காடு எழுதியது:

நான் சித்த மருத்துவன். இலக்கியம் பேச வரவில்லை, மருந்து பேச வந்தேன்.

1980-இல் வந்த 'மாங்க்ஸ் ஹுட்' நாவலில் கொலைக்குப் பயன்படுவது ஒரு தைலம். மூட்டுவலிக்குத் தேய்க்க காட்ஃபெல் தன் கையால் காய்ச்சியது. அதில் சேரும் வேர் நாம் வசநாபி என்று சொல்கிற குடும்பத்துச் செடியுடையது. இமயமலைப் பக்கத்து இனமும் ஐரோப்பிய இனமும் வேறு வேறு என்றாலும் விஷம் ஒரே வகைதான். நம் மருத்துவத்திலும் வசநாபியைச் சுத்தி செய்யாமல் தொடவே கூடாது. கோமியத்தில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கும் முறையைப் படிக்கும் காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆசிரியர் எங்களை வேரின் தூசி மூக்கில் ஏறாத தூரத்தில்தான் நிற்க வைப்பார்.

நாவலில் அந்தத் தைலம் ஒருவருடைய சாப்பாட்டில் கலக்கப்படுகிறது. சாப்பிட்டவருக்கு முதலில் வாயில் குத்தல், பிறகு உதடும் தொண்டையும் விறைத்துப் போகின்றன, பேச்சு வரவில்லை, கொஞ்ச நேரத்தில் உயிர் போகிறது. வசநாபி நஞ்சு வேலை செய்யும் வரிசை இதுவேதான். நாக்கும் உதடும் முதலில் மரக்கும், கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். பல துப்பறியும் கதைகளில் விஷம் குடித்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதோடு சரி. இந்த அம்மா மருந்துக்கடையில் ஏழு ஆண்டு நின்றவர் என்பதை கருங்குயில் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது எல்லாம் புரிகிறது.

எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. செத்தவரின் வாயருகே மோந்து பார்த்ததும் அது தன் தைலம் என்று காட்ஃபெலுக்குத் தெரிந்துவிடுகிறது. நோய் தீர்க்கச் செய்த மருந்து ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறது. அந்தப் பாரம் கதை முழுக்க அவர் முதுகில் இருக்கிறது. மருந்து கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கங்கள் சாதாரணமாகக் கடந்து போகாது.

(யாரும் வீட்டில் இந்த வேரோடு விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி அரைத்துத் தடவாதீர்கள்.)

ஆற்றுமேடு எழுதியது:

நல்ல இழை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் வைக்கிறேன். இருபது நாவல்களையும் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

காட்ஃபெல் 12-ஆம் நூற்றாண்டு மனிதரே இல்லை. அவர் நம் காலத்து நல்ல மனிதர் ஒருவருக்கு அங்கி மாட்டிவிட்டது போலத்தான் இருக்கிறார். பெண்களிடம் சமமாகப் பேசுகிறார், தொழுநோயாளியைத் தொட்டு மருந்திடுகிறார், பிற மதத்தாரை மதிக்கிறார், தவறு செய்தவனுக்கு மறுவாழ்வு கொடுக்கிறார். இதெல்லாம் நமக்குப் பிடிக்கும் என்பதால்தான் எழுதப்பட்டிருக்கிறது. சந்தேகத்துக்கு ஆளாகும் இளைஞன் ஒருவன், அவனை நம்பும் பெண் ஒருத்தி, கடைசியில் இருவரும் சேர்வது. இந்த அச்சு எத்தனை நாவலில் வருகிறது! ஐந்தாறு படித்ததும் அந்த இளைஞன் கொலைகாரன் இல்லை என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. மர்ம நாவலுக்கு இது சின்னக் குறை இல்லை.

காட்ஃபெல் வந்து மூன்றாண்டு கழித்து 1980-இல் உம்பர்த்தோ எக்கோவின் மடாலய நாவல் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' வந்தது. 1327-இல் இத்தாலியின் வடக்கே நடப்பது. அதைப் படித்தால் அந்தக் காலத்தின் அந்நியத்தன்மை நம் மேல் மோதும். அந்த மனிதர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதே நமக்கு முதலில் பிடிபடாது. பீட்டர்ஸில் அந்த மோதல் எனக்குக் கிடைக்கவில்லை.

வக்கீல்வீடு எழுதியது:

ஆற்றுமேடு தம்பி, காதல் ஜோடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்நியத்தன்மை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டாக்டர் சொன்ன அதே 'மாங்க்ஸ் ஹுட்'டையே எடுத்துக்கொள்கிறேன். கதையின் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

போனெல் என்ற நிலக்கிழார் தன் பண்ணையை மடாலயத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்க வீடு, சாப்பாடு, விறகு எல்லாம் மடாலயம் தரவேண்டும். அன்றைக்கு வழக்கத்தில் இருந்த ஒப்பந்தம் இது. சொத்தைக் கொடுத்துவிட்டுச் சோறு வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நம் நீதிமன்றங்களில் இன்றைக்கும் வேறு உருவத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒப்பந்தம் பேசியாயிற்று, முத்திரை மட்டும் விழவில்லை. ஏன்? மடாதிபதி ஹெரிபெர்ட்டை லண்டனில் போப்பாண்டவரின் தூதர் கூட்டிய சபைக்கு அழைத்திருக்கிறார்கள். பதவி நிலைக்குமா என்று தெரியாதவர் முத்திரை வைக்கக் கூடாது. 1138 டிசம்பரில் அப்படி ஒரு சபை உண்மையிலேயே கூடியது, ஹெரிபெர்ட்டுக்குப் பதவியும் போனது. வரலாற்றின் ஒரு வரி கதைக்குள் வந்து ஒரு பத்திரத்தைத் தொங்கலில் விடுகிறது. அந்த இடைவெளியில் போனெல் செத்தால் பண்ணை மடாலயத்துக்குப் போகாமல் அவர் மனைவியின் மகனுக்கு வரும். ஆகவே எல்லாருடைய விரலும் அந்தச் சின்னப் பையன் மேல் நீள்கிறது.

இனிதான் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம். பண்ணை இருப்பது எல்லைக்கு அப்பால், வேல்ஸ் மண்ணில். போனெலுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் அவனுக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது. வேல்ஸ் சட்டத்திலோ, தந்தை ஒப்புக்கொண்ட மகன் என்றால் எந்தத் தாய் வயிற்றில் பிறந்திருந்தாலும் பங்கு உண்டு. ஹவெல் மன்னர் பெயரால் வழங்கிய சட்டத் தொகுப்பு அது. கொலைக்கான நோக்கம் முழுக்க இந்த ஒரு சட்ட வேறுபாட்டில்தான் நிற்கிறது. காட்ஃபெல் வேல்ஸ்காரர் என்பதால் மட்டுமே அவருக்கு அது தட்டுப்படுகிறது. மன்னரின் மாவட்ட அதிகாரியான ஆங்கிலேய ஷெரீஃபின் ஆட்களுக்குத் தட்டுப்படவே இல்லை.

ஷ்ரூஸ்பரியிலிருந்து சில மணி நேரக் குதிரைப் பயணத்தில் மகன் என்பதற்கே பொருள் மாறிவிடுகிறது என்றால், அதைவிட வேறென்ன அந்நியத்தன்மை வேண்டும்? இங்கிலாந்தின் குற்ற எழுத்தாளர் சங்கம் இந்த நாவலுக்கு 1980-இல் வெள்ளிக் குத்துவாள் விருது கொடுத்தது. சட்டம் தெரிந்தவர் யாராவது நடுவர் குழுவில் இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். கொலைகாரன் காட்ஃபெலின் பிடியில் நிற்கிறான். காட்ஃபெல் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. குற்றத்தை எழுதி ஒப்புக்கொண்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க நல்லது செய்து கடனைத் தீர் என்று அனுப்பிவிடுகிறார். முப்பது ஆண்டுக்கு மேல் நீதிமன்றத்தில் நின்றவன் நான். அந்த முடிவோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பழுப்புப்பக்கம் எழுதியது:

வக்கீல் சார், இந்தப் பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை.

ஆற்றுமேடு எழுதியதற்கு என் பதில். காட்ஃபெல் நம்மைப் போல நினைக்கிறார் என்கிறீர்கள். அவருக்கு அந்தப் பரந்த மனம் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் காரணம் காட்டாமல் விட்டாரா? சிறு வயதில் மடாலயத்தில் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளை இல்லை அவர். வேல்ஸில் ட்ரெஃப்ரிவ் என்ற ஊரில் பிறந்து, சிலுவைப்போரில் அந்தியோக்கியாவரை போய், அங்கே ஒரு முஸ்லிம் விதவையோடு வாழ்ந்து, மாலுமியாகக் கடலில் அலைந்து, நாற்பதைத் தாண்டி அங்கி தரித்தவர். உலகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவருக்கும் உலகமே தெரியாமல் உள்ளே வளர்ந்தவருக்கும் வேறுபாடு இருக்காதா? அதே மடாலயத்தில் துணை மடாதிபதி ராபர்ட்டும் அவருடைய நிழலாகத் திரியும் ஜெரோமும் நீங்கள் கேட்கிற காலத்து ஆட்களாகவே இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது நம்பிக்கை. இதற்கும் கதையை உடைக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். முதல் நாவலின் அடித்தளம் உண்மை நிகழ்ச்சி. ஷ்ரூஸ்பரி மடாலயத்துக்குச் சொந்தமாக ஒரு புனிதர் இல்லை. புனிதர் இருந்தால் யாத்ரீகர்கள் வருவார்கள், காணிக்கை வரும், பெயர் வரும். துணை மடாதிபதி ராபர்ட் 1138-இல் வேல்ஸின் க்விதெரின் கிராமத்துக்குப் போய் வினிஃப்ரெட் என்ற புனிதையின் எலும்புகளைத் தோண்டிக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். பார்ஜிட்டர் ஓர் ஆண்டு முன்னே தள்ளி 1137-இல் கதையை வைத்தார். அந்தக் கிராமத்து மக்கள் தங்கள் புனிதையைக் கொடுக்க மறுக்கும் கட்டம் எனக்கு மனப்பாடம்.

நாவலில் காட்ஃபெல் யாருக்கும் தெரியாமல் புனிதையை அவள் மண்ணிலேயே திரும்பப் புதைத்துவிடுகிறார். வெள்ளிப் பட்டமிட்டு முத்திரை வைத்து ஷ்ரூஸ்பரிக்கு ஊர்வலமாகப் போகும் பேழைக்குள் இருப்பது ஒரு கொலைகாரனின் உடல். பீடத்தில் வைத்து வணங்குகிறார்கள். இதை இன்றைய நாத்திகர் ஒருவர் எழுதியிருந்தால் இங்கேயே கைதட்டிவிட்டு முடித்திருப்பார்.

பார்ஜிட்டர் முடிக்கவில்லை. 1984-இல் வந்த 'தி பில்கிரிம் ஆஃப் ஹேட்'டில் ரூன் என்ற காலூனமான பையன் அந்தப் பீடத்துக்கு வருகிறான். கட்டைகளைக் கீழே போட்டுவிட்டுத் தன் காலால் படியேறுகிறான். உண்மையிலேயே குணமாகிறது. பேழையில் புனிதை இல்லை என்று அறிந்த ஒரே துறவி காட்ஃபெல் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் அதை விளக்கவில்லை, ஏமாற்று என்று சொல்லவில்லை, மனவியல் காரணம் தேடவில்லை. காட்ஃபெல் வேல்ஸ் மொழியில் அவளோடு பேசுகிறார், அவள் கேட்கிறாள் என்று நம்புகிறார். இப்படி நம்புகிறவரை நம் காலத்து ஆள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

மலையோரம் எழுதியது:

எல்லாரும் ஷ்ரூஸ்பரியிலேயே நிற்கிறீர்கள். இந்த அம்மா நம் பக்கத்தையும் வைத்துக் கதை எழுதியிருக்கிறார் என்பது யாருக்காவது தெரியுமா?

1972-இல் வந்த 'டெத் டு தி லேண்ட்லார்ட்ஸ்'. காட்ஃபெலுக்கு முன்னால் எழுதிய ஃபெல்ஸ் குடும்பத் தொடரைச் சேர்ந்தது. ஜார்ஜ் ஃபெல்ஸ் போலீஸ்காரர், அவர் மகன் டொமினிக் தென்னிந்தியாவில் சுற்றும்போது நடக்கும் கதை. தேக்கடியில் படகு வெடித்து ஒரு நிலக்கிழார் சாகிறார். நான் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். பெரியாறு ஏரியில் தண்ணீருக்கு மேலே கறுத்த பட்டமரங்கள் நிற்குமே, 1895-இல் அணை கட்டி நீர் தேங்கியதில் செத்த காட்டின் மிச்சம், அதற்கு நடுவே படகில் போனவர்களுக்கு அந்தக் கட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு கதை கன்னியாகுமரிவரை இறங்குகிறது.

நக்சல்பாரி எழுச்சி 1967-இல். ஐந்தே ஆண்டில் ஒரு ஆங்கிலேய எழுத்தாளர் அதை மர்மக் கதைக்குள் கொண்டுவருகிறார். இதற்கு முன் 1969-இல் 'மோர்னிங் ராகா' என்று டெல்லியை வைத்தும் ஒன்று எழுதியிருக்கிறார். என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: தேக்கடிக் கதை காட்ஃபெல் கதைகள் அளவுக்குத் தேறாது. நில உடைமையின் வலியை வெளியே நின்றுதான் பார்க்கிறது, உழுகிறவன் குரல் எங்கும் ஓங்கிக் கேட்கவில்லை. ஆனால் மண்ணையும் வெயிலையும் எழுதுவதில் அலட்சியம் இல்லை. பாம்பாட்டி, கயிற்று வித்தை என்று கதைவிடவில்லை.

புதுவாசகி எழுதியது:

தேக்கடியா!! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மலையோரம் அண்ணா, அது இப்ப கிடைக்குமா?

மலையோரம் எழுதியது:

பழைய புத்தகக் கடையில் தேடிப் பாருங்கள் தங்கச்சி. மின்நூலாகவும் ஃபெல்ஸ் தொடர் வந்திருக்கிறது. மொத்தம் 13 நாவல், வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கருங்குயில் எழுதியது:

வெளியே நின்று பார்க்கிறார் என்று மலையோரம் சொன்னதும் எனக்கு அவர் உள்ளே போன ஒரு நாடு நினைவுக்கு வந்தது.

போர் முடிந்து 1947-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனார் பார்ஜிட்டர். அந்த நாட்டின் மேல் பிரியம் வைத்துச் செக் மொழியைத் தானாகவே கற்றார். பிறகு பல ஆண்டு அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். யான் நெருடாவின் பிராகா கதைகள், போஜெனா நெம்கோவாவின் பாட்டி நாவல், போஹுமில் ஹ்ராபாலின் ரயில் நிலையக் கதை எல்லாம் அவர் கைவழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. ஹ்ராபாலின் மொழிபெயர்ப்பு வெளியானது 1968-இல், அதே ஆண்டு ஆகஸ்டில் பிராகா தெருக்களில் சோவியத் டாங்கிகள் வந்து நின்றன. காட்ஃபெலை மட்டும் படித்தவர்கள் அவருடைய இந்தப் பாதியைக் காணாமலே போய்விடுகிறார்கள். மருந்துக்கடையிலிருந்து வந்த ஒரு பெண் துணிந்து ஒரு மொழியைத் தானே கற்று, அதன் பெரிய எழுத்தாளர்களைத் தன் மொழிக்கு எடுத்துவந்தார். விருதுகளைவிட இதற்குத்தான் நான் அவரை வணங்குவேன்.

எல்லையில் வாழ்ந்தவர் அவர். ஷ்ராப்ஷயர் ஆங்கில மண், ஓர் எட்டு வைத்தால் வேல்ஸ். குடும்பத்தில் வேல்ஸ் ரத்தமும் உண்டு. சின்ன நாடு ஒன்றைப் பெரிய நாடு விழுங்க வரும் கதைகளையே மறுபடி மறுபடி எழுதியிருக்கிறார். 1974 முதல் 1977 வரை நான்கு பாகமாக வந்த 'தி பிரதர்ஸ் ஆஃப் க்வினெத்' வேல்ஸின் கடைசி சுதந்திர இளவரசன் ல்லூவெலினைப் பற்றியது. அதற்கு முன் 1960-இல் தொடங்கிய 'ஹெவன் ட்ரீ' மூன்று நாவல்களில் ஒரு கல்தச்சன் தேவாலயம் எழுப்புகிறான். நான் அவரிடம் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் எடுப்பேன். கொலைகாரனைத் தேடும் வேலை இல்லை, பக்கத்துக்குப் பக்கம் கல்லும் உளியும்தான். மெதுவாகப் போகும், ஆனால் விடாது.

ஆற்றுமேடு எழுதியது:

பழுப்புப்பக்கம் எழுதியது: "ரூன் என்ற காலூனமான பையன் அந்தப் பீடத்துக்கு வருகிறான்..."

இந்த இடம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் தொடரின் நடுவில் அவர் வேகமாக எழுதினார் என்பதையும் பேசுங்கள். 1981-இல் இரண்டு, 1983-இல் இரண்டு, 1984-இல் இரண்டு, 1986-இல் இரண்டு. கதைக்குள் 1137-இலிருந்து 1145 வரை எட்டே ஆண்டு. ஒரு சின்ன மடாலயத்தைச் சுற்றி இத்தனை கொலை விழுந்தால் அந்த ஊரில் யார் குடியிருப்பார்கள்? அந்த நெருக்கத்தில் சில நாவல்கள் ஒன்றுக்கொன்று முகம் மாறாத சகோதரர்களாகிவிட்டன. 'தி லெப்பர் ஆஃப் செயின்ட் ஜைல்ஸ்' மாதிரி ஒன்றை எழுதியவர் வேறு சிலவற்றை எழுதாமலே விட்டிருக்கலாம்.

அதே சமயம் ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். ஷெரீஃப் வேலைக்கு வரும் ஹ்யூ பெரிங்கார். முதலில் இவன் நல்லவனா கெட்டவனா என்று காட்ஃபெலுக்கே பிடிபடாது. இருவரும் காய் நகர்த்திக் காய் நகர்த்திக் கடைசியில் நண்பர்களாகிறார்கள். ஒருவன் அரசன் ஆள், மற்றவர் கடவுள் ஆள். சட்டம் எங்கே நிற்க வேண்டும், மன்னிப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று இருவரும் தோட்டத்துக் குடிலில் உட்கார்ந்து பேசும் இடங்களை நான் இன்றைக்கும் எடுத்துப் படிப்பேன்.

மூலிகைக்காடு எழுதியது:

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் உண்டா? டெரெக் ஜாகோபி காட்ஃபெலாக நடித்தது. 1994 முதல் 1998 வரை 13 கதைகள்.

கருங்குயில் எழுதியது:

பார்த்தேன் டாக்டர். படப்பிடிப்பு ஹங்கேரியில். ஜாகோபியின் கண்களில் காட்ஃபெல் இருக்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. கதைகளின் வரிசையை மாற்றிவிட்டதுதான் பெரிய தவறு. போரின் போக்கோடு சேர்ந்து மனிதர்கள் மாறுவது அதில் காணாமல் போய்விட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கொலையாக நிற்கிறது.

புதுவாசகி எழுதியது:

அப்போ நான் வரிசையாவே படிக்கணுமா? நடுவில் சிலதை விட்டுட்டா ஏதும் புரியாமப் போகுமா? கடைசி நாவல் எப்படி முடியுதுன்னு யாரும் சொல்லிடாதீங்க, ஆனா படிக்கிற அளவுக்கு வொர்த்தான்னு மட்டும் சொல்லுங்க.

பழுப்புப்பக்கம் எழுதியது:

முதல் இரண்டையும் வரிசையாகப் படித்துவிடு. பிறகு 'மாங்க்ஸ் ஹுட்', 'தி லெப்பர் ஆஃப் செயின்ட் ஜைல்ஸ்'. அதற்கப்புறம் 1982-இல் வந்த 'தி வர்ஜின் இன் தி ஐஸ்' கட்டாயம், அதைப் படிக்காமல் விட்டால் கடைசி நாவலுக்குப் பாதை திறக்காது. 'தி பில்கிரிம் ஆஃப் ஹேட்'டையும் விடாதே. மற்றவற்றை உன் வசதிபோல் முன்பின்னாகப் படிக்கலாம். 'எ ரேர் பெனடிக்டைன்' என்ற சிறுகதைத் தொகுப்பு 1988-இல் வந்தது. காட்ஃபெல் எப்படித் துறவியானார் என்று அதில் ஒரு கதை இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் படி.

கடைசி நாவல் 'பிரதர் காட்ஃபெல்ஸ் பெனன்ஸ்', 1994. முடிவைச் சொல்லவில்லை, தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1145 நவம்பர். இரு தரப்பையும் சமாதானப்படுத்த காவென்ட்ரியில் கூட்டம் போடுகிறார்கள். மட்டில்டாவின் பெரும் தூணான குளஸ்டர் பிரபுவின் சொந்த மகன் ஃபிலிப், போரில் வெறுத்துப்போய் எதிர்த்தரப்புக்கு மாறிவிட்டான். வரலாற்றில் நடந்ததுதான். அவன் பிடித்துக் கொடுத்த கைதிகளில் ஒருவன் காட்ஃபெலுக்கு மிக வேண்டியவன். மடாதிபதி காவென்ட்ரிவரை போக அனுமதி கொடுக்கிறார். அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் சபதத்தை உடைத்தவர், மடாலயத்துக்கு அந்நியர். பத்தொன்பது நாவல்களில் பிறருடைய குற்றத்தை எடை போட்டவருக்கு இப்போது தன் குற்றம். காவென்ட்ரியில் கூட்டம் உடைகிறது, கைதி இருக்கும் இடமும் தெரியவில்லை. காட்ஃபெல் குதிரையைத் தெற்கே திருப்புகிறார்.

இதை வெளியிட்டபோது பார்ஜிட்டருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 14-இல் மேட்லியில் காலமானார், பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஷ்ரூஸ்பரி மடாலயத் தேவாலயத்தில் அவர் நினைவாகப் புனித பெனடிக்டின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் வைத்திருக்கிறார்கள். 1999-இல் குற்ற எழுத்தாளர் சங்கம் வரலாற்றுக் குற்றப்புனைவுக்கென்றே அவர் பெயரில் ஒரு குத்துவாள் விருதையும் தொடங்கியது. அதை முதலில் வாங்கியவர் ரோமாபுரித் துப்பறிவாளர் கதைகள் எழுதும் லிண்ட்ஸி டேவிஸ்.

வொர்த்தா என்று கேட்டாய். இருபதில் எதை விட்டாலும் இதை விடாதே.

வக்கீல்வீடு எழுதியது:

வழிமொழிகிறேன். புதுவாசகி, 'மாங்க்ஸ் ஹுட்' முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள். அந்தக் கொலைகாரனை அனுப்பிவைத்தது சரியா என்று உங்கள் தலைமுறை என்ன நினைக்கிறது எனத் தெரிந்துகொள்ள ஆசை. என் பதிவை அதற்கு முன் படித்துவிடாதீர்கள்.